ஒன்பது நாள் பிள்ளையும் ஏற்றாத விளக்கும்

கேள்வி:

அன்புள்ள அக்கா,

எனக்கு 41 வயது. பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில் கணவரோடும் மாமியோடும் இருக்கிறேன். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. கந்தசட்டி ஆறு வருடம் விடாமல் பிடித்தேன். மயூரபதி அம்மனுக்குப் பாற்குடமும் தொட்டிலும் நேர்ந்து வைத்தேன். கடைசியில் தங்கியது. 27ஆம் கிழமையில் ஒரு விடியப்புறம் வலி வந்து ஆண் பிள்ளை பிறந்தான். 900 கிராம். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். ஓட்டையால் கையை விட்டபோது என் விரலைப் பிடித்தான். பத்தாம் நாள் இல்லை. காரணம் கேட்டேன். “சொல்லத் தெரியவில்லை அம்மா” என்றார் டொக்டர். கனத்தையில் அடக்கம் செய்தார்கள். எனக்கு உடம்பு ஏலாது என்று கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகும் நாலைந்து நாள் எனக்குப் பால் சுரந்தது.

31 நாள் துடக்கு என்று சாமி அறைப் பக்கம் போகவில்லை. துடக்குக் கழித்து இப்போது ஐந்து மாதம். இன்னும் விளக்கேற்றவில்லை. மாமி போன பிறப்பு வினை என்கிறா. நேர்த்தியை முடிக்காவிட்டால் இன்னும் ஏதாவது நடக்கும் என்றும் சொல்கிறா. என்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வாங்கோ என்கிறாள். கணவர் எதுவுமே நடக்காதது போல வெள்ளிக்கிழமை தவறாமல் கதிரேசன் கோயிலுக்குப் போகிறார். ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தபோது நான் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன். இரவு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் முதல் ரயில் சத்தம் கேட்கும்வரை நித்திரை இல்லை.

கடவுளோடு கோபப்படுவது பாவமா அக்கா? ஏன் இப்படி நடந்தது என்று விளங்காமல் நான் எப்படித் திரும்பவும் நம்புவது? அவனுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு வாசகி, கொழும்பு 4

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். உங்கள் விரலைப் பிடித்தான். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் கடிதத்தில் வருகிறவர்கள் வினையைப் பற்றிக் கதைக்கிறார்கள், நேர்த்தியைப் பற்றிக் கதைக்கிறார்கள், விசுவாசத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நம்முடைய வழக்கத்திலும் இதற்கு இடம் குறைவு. பெரியவர் ஒருவர் போனால் எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று நாள் குறித்து அழ விடுகிறோம். சனம் வரும், சமைக்கும், பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும். சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அவை இல்லை. அடக்கத்தை ஆண்கள் கெதியாக முடித்துவிட்டு வந்து தோய்ந்துவிடுவார்கள். தாய்க்கு மிஞ்சுவது துடக்கு மட்டும். உங்களுக்குப் பிறப்பும் இறப்பும் ஒரே துடக்குக்குள் வந்து போயிருக்கின்றன. அந்த 31 நாளும் சாமி அறைக் கதவு உங்களுக்குச் சாத்தியிருந்தது. அழ வேண்டிய நேரத்தில் அழும் இடத்துக்குப் போக விடாமல், நாள் முடிந்ததும் “இனி வந்து விளக்கேற்று” என்றால் கால் எப்படி நகரும்? நீங்கள் நம்பிக்கை இழந்தவர் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டமாட்டேன்.

பால் சுரந்ததைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை பிறந்தால் பால் வரும். பிள்ளை இருக்கிறதா என்று உடம்பு கேட்டுவிட்டுச் சுரப்பதில்லை. எத்தனையோ தாய்மார் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு என் முன்னால் இருந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதற்கு நன்றி.

நான் சமயப் பெரியவர் இல்லை. உளவளத்துணை என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் இதைச் செய்கிறேன். தொடங்கிய காலத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் நானும் “எல்லாம் கடவுள் சித்தம் அம்மா” என்று சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டா. பிறகு வரவேயில்லை. அன்று நான் கடவுளின் பெயரில் பேசினேன், பேசச் சொல்லி அவர் என்னைக் கேட்டிருக்கவில்லை. இன்று உங்களுக்கு எழுதும்போது அந்த அம்மா எதிரில் இருக்கிறா என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் டொக்டர் சொன்னதற்கு வருகிறேன். 37 கிழமை முடியுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள். உலகத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. 28 கிழமைக்கு முன் என்றால் மிகவும் முந்திப் பிறந்த பிள்ளை. நுரையீரலின் நுண்ணிய அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் வைத்திருக்க ஒரு பொருள் அங்கே ஊற வேண்டும். அது போதுமான அளவுக்கு வருவது 34, 35 கிழமையளவில். உங்கள் மகன் அதற்கு இரண்டு மாதம் முந்தி வந்தான். அவன் எப்படிப் போனான் என்பதற்கு வைத்தியம் இவ்வளவு சொல்லும். வலி ஏன் அன்று வந்தது என்று கேட்டால் பல நேரம் அதற்கும் பதில் இல்லை. நீங்கள் படி ஏறியது, பஸ்ஸில் போனது, ஒரு நாள் கோபப்பட்டது என்று இரவு மூன்று மணிக்கு எண்ணிக்கொண்டு கிடப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை விடுங்கள். அவற்றில் எதுவும் அவனைக் கொண்டுபோகவில்லை.

உங்கள் கடிதத்தில் “தெரியவில்லை” என்று சொன்னவர் அந்த டொக்டர் ஒருவர்தான். இத்தனை வருடம் படித்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் நின்றவர் அவர். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மாமி சொல்லும் வினைக்கு வருவோம். வினை உண்டு என்பது சைவத்தின் அடிப்படை, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அது யாருக்காகச் சொல்லப்பட்டது? தன்னைத் திருத்திக்கொள்ள ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்து வீட்டாரின் பிள்ளை இறந்ததற்குக் காரணம் எழுதுவதற்கு அது கொடுக்கப்படவில்லை. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டுக்குப் போனபோது அவரோடு வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அங்கே அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம் “அவ்வினைக்கு இவ்வினை” என்றுதான் தொடங்குகிறது. அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிந்த நீங்கள், உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். காய்ச்சலில் கிடந்தவர்களை யார் என்ன செய்தீர்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நின்று, “நாம் அடியோம்” என்று பன்மையில் பாடினார். மாமி தேவாரம் படிக்கிறவ என்றால் இதை அவவுக்கும் தெரிந்திருக்கும். எதிர்த்துக் கதைப்பதற்காக இதைத் தரவில்லை. அவவும் பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவ. வினை என்று சொன்னால் அவவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைக்கிறது. அந்தக் காரணத்தின் பாரம் முழுக்க உங்கள் தலையில் இறங்குவதை அவ காணவில்லை.

கூட வேலை செய்யும் தங்கை அன்போடுதான் கூப்பிடுகிறாள் என்று நம்புகிறேன். அவளுடைய வேதத்திலேயே யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் இருந்தவனிடம் மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். பிறகு வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கதை முடியும்போது, என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் கோபித்துக்கொள்வது அந்த விளக்கக்காரரைத்தான். புலம்பி வாதாடிய யோபுவை அல்ல. அவளிடம் “எனக்காக ஜெபி, விளக்கம் மட்டும் சொல்லாதே” என்று கேட்கலாம். நல்ல மனம் உள்ளவளாக இருந்தால் விளங்கிக்கொள்வாள்.

இனி நல்லூருக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் படம் இருக்கிறதோ தெரியாது. கொழும்பில் இருக்கும் எத்தனையோ யாழ்ப்பாணத்து வீடுகளில், அவர் 1964இல் சமாதியடைந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும், அந்த வெண்தாடி முகம் சுவரில் இருக்கிறது. நல்லூர்த் தேரடியில் இருந்த அவருடைய குரு செல்லப்பா சுவாமி சொல்ல, அவரிடமிருந்து யோகர் சுவாமி வாங்கி நமக்குத் தந்த வாக்கியங்கள் நான்கு. ஒரு பொல்லாப்புமில்லை. எப்பவோ முடிந்த காரியம். நாமறியோம். முழுதும் உண்மை.

இந்த நான்கில் முதலிரண்டையும் நாங்கள் செத்தவீடுகளில் எடுத்து வீசுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் “எப்பவோ முடிந்த காரியம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறோம். அந்த வசனங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் தேரடியே கதி என்று கிடந்தவரின் வாயில் அவை உண்மை. வேறொருத்தியின் வாயை அடைக்க நாங்கள் எடுக்கும்போது அவை அந்த உண்மையாக இருப்பதில்லை. “ஒரு பொல்லாப்புமில்லை” என்பது ஒருவர் தனக்குத் தானே, அதுவும் காலம் கனிந்தால், சொல்லிக்கொள்ளக்கூடியது. உங்களுக்கு அதை யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் மூன்றாவது இருக்கிறதே, நாமறியோம், அதை இன்றைக்கே, இருக்கிற மனநிலையோடேயே, பொய் இல்லாமல் சொல்லலாம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நானறியேன் என்று இல்லை. நாமறியோம். மாமி அறியா, அந்தத் தங்கை அறியாள், டொக்டர் அறியார், நான் அறியேன். நீங்கள் மட்டும் விளங்காதவளாக ஒரு மூலையில் நிற்கவில்லை. எல்லோரும் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறீர்கள். பணிவு என்று நான் இதைத்தான் நினைக்கிறேன். நடந்ததெல்லாம் சரி என்று தலையைக் குனிவதைப் பணிவென்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அதுவும் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. அறியாததை அறிந்ததாகச் சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினம். அது கடவுள் மேல் வைக்கும் மரியாதையும்கூட.

கோபப்படுவது பாவமா என்று கேட்டீர்கள். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை விட்டுப் பிரியேன் என்று சத்தியம் பண்ணி, அதை மீறிப் புறப்பட்டதும் இரண்டு கண்ணும் போனது. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று அவர் பாடியதை மன்றாட்டு என்று சொல்ல ஏலாது, அது சண்டை. மூளாத் தீப்போல் உள்ளே கனன்று, முகம் வாடி, உம்முடைய அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், நீர் பேசாமல் இருப்பீர், “வாழ்ந்து போதீரே” என்கிறார். நீராவது நன்றாக வாழ்ந்துகொண்டு போம் என்று பொருள். பாட்டுக்குப் பாட்டு அதையே சொல்கிறார். இந்தப் பதிகத்தைச் சைவர்கள் ஒளித்து வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்து, இன்றும் சுவாமிக்கு முன்னால் பாடுகிறார்கள்.

சுந்தரர் சத்தியத்தை மீறியவர், தப்புச் செய்தவர். அவருக்கே கோபிக்க இடம் இருந்தது. ஒரு தப்பும் செய்யாமல் ஒன்பது நாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கும் உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்க வேண்டும்! மூளாத் தீப்போல் என்றாரே, கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனலும் தீ, நீங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு தேர்ச் சத்தம் கேட்டிருந்த அந்த நாள் அதுதான். ஒரு வித்தியாசம். சுந்தரர் அதைச் சுவாமியின் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்ல இடம் இல்லையென்றால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லுங்கள், மரைன் டிரைவில் அலைச் சத்தத்துக்குள் சொல்லுங்கள். யாரோடு கோபப்படுகிறோமோ அவர் இருக்கிறார், கேட்கிறார் என்று எங்கோ நினைத்துக்கொண்டுதான் கோபப்படுகிறோம். உங்களிடம் இப்போது இருக்கும் நம்பிக்கை அந்தளவு. அதற்கு மேல் இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம்.

விளங்காமல் எப்படி நம்புவது என்ற கேள்விக்கு என்னிடம் வாதம் இல்லை. உங்கள் கடிதத்தின் ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓட்டையால் கையை விட்டபோது அவன் உங்கள் விரலைப் பிடித்தான். பிறந்த பிள்ளைகள் எல்லாம் உள்ளங்கையில் பட்டதைப் பிடிக்கும், அது தன்னாலே நடப்பது என்று வைத்தியம் சொல்லும். இருக்கட்டும். மூக்கில் குழாய், கையில் ஊசி, தலைக்கு மேல் வெளிச்சம், ஒன்றும் விளங்காத இடம். அதற்குள் பிடிக்க ஒரு விரல் கிடைத்தது, பிடித்தான். நீங்களும் கையை இழுக்கவில்லை. அந்தக் குழாயை எடுத்துவிடவும் உங்களால் முடியவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்டிருந்தால், அவனுக்கு விளங்கும் மொழியில் உங்களிடம் பதில் இருந்திருக்காது. அன்பு இருந்தது. கடவுளை நம்புவது என்பது எனக்குத் தெரிந்தவரை இப்படி ஏதோ ஒன்று. இதை உங்களுக்குப் பாடம் படிப்பிக்க எழுதவில்லை, அவன் பாடம் படிப்பிக்கப் பிறந்தவனும் இல்லை. நீங்கள் எழுதிய அந்த வரியை உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

இனிக் கொஞ்சம் தொழில் கதை. விடியப்புறம் மூன்று மணிக்கு முழித்துத் திரும்ப நித்திரை வராமல் இருப்பது, ஐந்து மாதம் கடந்தும் அது மாறாமல் இருப்பது, துக்கம் மட்டும்தானா என்று பார்க்க வேண்டிய அடையாளம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு பிள்ளையை இழந்த தாய்க்கும் வரும். அது நம்பிக்கைக் குறைவு இல்லை, மருந்தும் கதைத்தலும் கேட்கும் நோய். நீங்கள் போன வைத்தியசாலையிலேயே உளநல கிளினிக் இருக்கும். உங்கள் பகுதி மருத்துவமாதைக் கேட்டாலும் வழி சொல்வா. சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் நாள் பார்க்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு மூன்று மணிக்கும் எடுக்கலாம். சம்பந்தரும் காய்ச்சலுக்கு வழி தேடச் சொன்னவர்தான்.

நேர்த்தியைப் பற்றி நீங்கள் பயந்திருக்கிறீர்கள். பாற்குடமும் தொட்டிலும் பிள்ளையோடு வந்து செய்வதாகச் சொன்னவை. பிள்ளை இல்லாமல் தொட்டில் கட்டச் சொல்லி ஒரு தாயை வருத்துகிறவளை நாங்கள் அம்மன் என்று கும்பிட மாட்டோம். அம்மனுக்குக் கடன் வைத்திருக்கிறோம், வட்டி ஏறுகிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் மனம் வந்தால் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

விளக்கை இப்போதைக்குக் கணவர் ஏற்றட்டும். நீங்கள் சாமி அறைக்கு வெளியே, ஹோலில் ஒரு கதிரையில் இருந்தால் போதும். கும்பிட வேண்டாம், திருநீறு பூச வேண்டாம். ஒரு நாள் எழுந்து உள்ளே போவீர்கள், அல்லது போகமாட்டீர்கள். வீட்டுக்குள் மூச்சு முட்டினால், மாமிக்குத் தெரிந்த முகங்கள் இல்லாத ஒரு கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம் முழுக்கக் கருங்கல். தகப்பன் கட்டிய கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திரும்ப எழுப்பினார். நண்பகலுக்கு முன் சனம் குறைந்த நேரத்தில் உள்ளே குளிர்ந்து இருட்டாக இருக்கும். தூணோடு சாய்ந்து ஒரு மணித்தியாலம் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான் அப்படி இருந்திருக்கிறேன்.

கணவரைப் பற்றி ஒன்று. எதுவுமே நடக்காதது போல என்று எழுதினீர்கள். கனத்தையில் அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் தூக்கிப் போனவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். வெள்ளிக்கிழமை அவர் கதிரேசன் கோயிலில் என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். உங்கள் முன்னால் அழக்கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கு வருகிற தகப்பன்மார் முதல் நாள் எல்லோரும் சொல்வது, “நான் உடைந்தால் அவவை யார் பார்ப்பது” என்றுதான்.

இடத்தை அவருக்குத் தெரியும். உடம்பு இப்போது தேறியிருந்தால் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மாமி வர விரும்பினால் அவவும் வரட்டும். அங்கே வைத்து அந்தப் பெயரை அவருக்குச் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டியதில்லை, அது உங்கள் வீட்டுக்குரியது. போய் வந்து சில கிழமைக்குப் பிறகு, நித்திரை எப்படி என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா